வீடியோவில் டாக்டர் பார்த்தால் போதுமா? (3 வயது, இருமல்)

மலைக்காற்று:
வால்பாறை பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். பாப்பாவுக்கு மாதம் ஒரு தடவையாவது சளி, இருமல் வந்துவிடுகிறது. குழந்தை டாக்டரிடம் காட்டப் பொள்ளாச்சி இறங்குகிறோம். 40 கொண்டை ஊசி வளைவு, பாதி வளைவு தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுவாள், எங்களுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. போன வாரம் ஒரு ஆப்பில் வீடியோ கால் போட்டோம். நாலு நிமிடம்தான். சட்டையைக்கூடத் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை, ஆன்டிபயாட்டிக் எழுதிவிட்டார். பவுடர் பாட்டில் இன்னும் தண்ணீர் கலக்காமல் அலமாரியில் இருக்கிறது. குழந்தைகளுக்கு இந்த வீடியோ வைத்தியம் சரிப்படுமா? ஆராய்ச்சி ஏதாவது செய்திருக்கிறார்களா?

நைட் ஷிஃப்ட் நர்ஸ்:
ஆராய்ச்சி இருக்கட்டும் அண்ணா, பாப்பா இப்போது எப்படி? தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, எதையும் குடிக்க மாட்டேன் என்றாலோ காத்திருக்காதீர்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த சிரப்பைக் கொடுக்கலாமா என்பதை நேரில் பார்க்கிறவர் சொல்லட்டும்.

பிஜி முதல் வருடம்:
உங்களுக்கு நடந்ததை அப்படியே கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் குழந்தைகளின் மூச்சுப்பாதைத் தொற்றுகளை வைத்துச் செய்த ஆய்வு, 2019-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. வீட்டிலிருந்து டெலிமெடிசின் (போன், வீடியோ வழி வைத்தியம்) கம்பெனியின் டாக்டரிடம் பேசியவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாட்டிக். வழக்கமான குழந்தை டாக்டரிடம் நேரில் போனவர்களுக்கு 31தான். காதுக்குள் பார்க்க முடியாது, நெஞ்சில் ஸ்டெத் வைக்க முடியாது, எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

ராசெஸ்டர் வாசி:
அதற்காக டெலிமெடிசினே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் தம்பி. நான் இருக்கும் ராசெஸ்டரில் (நியூயார்க் மாநிலம்) 2001-லேயே ஏழைக் குடும்பங்கள் இருக்கும் பகுதிகளின் குழந்தைகள் காப்பகங்களில் இதைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அங்கே குழந்தை பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு உதவியாளர் இருப்பார், கேமரா பொருத்திய கருவியைக் காதுக்குள் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார், டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். உடம்பு சரியில்லை என்று குழந்தைகள் லீவு போடுவது 63 சதவீதம் குறைந்ததாக 2005-இல் அதே இதழில் எழுதினார்கள். லீவு குறைந்தால் அம்மாவின் சம்பளமும் தப்பித்தது. அந்தக் காலத்து இன்டர்நெட் வேகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஓசூர்க்காரி:
அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்திலேயே கர்நாடகாவில் கிட்ராப் இருக்கிறதே. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் தாறுமாறாக வளரும், விட்டால் பார்வையே போய்விடும். 2008-இல் பெங்களூரு நாராயணா நேத்ராலயா தொடங்கிய திட்டம் இது. டெக்னீஷியன் கேமராவைத் தூக்கிக்கொண்டு சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் கண்ணைப் படமெடுப்பார், பெங்களூரில் உட்கார்ந்து டாக்டர் பார்ப்பார். டாக்டர் எங்கே இருந்தாலும் குழந்தை பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒரு கை இருக்கிறது பாருங்கள்.

நைட் ஷிஃப்ட் நர்ஸ்:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. அண்ணா, அரசின் இ-சஞ்சீவனியிலும் இரண்டு வழி உண்டு. வீட்டிலிருந்தே பேசலாம், இல்லையென்றால் சுகாதார மையத்தில் ஊழியர் கூட இருந்து டாக்டருக்கு இணைப்பு போட்டுத் தருவார். காசு கிடையாது. உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது.

மலைக்காற்று:
இப்போதுதான் எண்ணினேன், 28. குழிவு இல்லை, பாலும் குடித்தாள். இரண்டாவது தடவை எண்ணும்போது முழித்துக்கொண்டு என் வயிற்றை எண்ண ஆரம்பித்துவிட்டாள். நாளைக் காலை பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போகிறோம். அங்கே காது பார்க்கிற கருவி இருக்கிறதா என்று கேட்டு வந்து எழுதுகிறேன்.