ஏர் ஃபில்டர் மாற்றிய பிறகு விசில் சத்தம், யாராவது சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். பெட்ரோல் ஹேட்ச்பேக், ஃபில்டரை வீட்டிலேயே மாற்றியது. ஏற்காடு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பானட்டுக்குள் மெல்லிய விசில். ஐடிலிங்கில் சத்தமே இல்லை.

ஃபில்டர் பெட்டி மூடியின் பின்பக்கக் காதுகளைப் பள்ளத்தில் செருகிவிட்டுத்தான் முன் கிளிப்புகளைப் போட்டேன். ஹோஸ் கிளாம்ப் இறுக்கம், ஹோஸில் விரிசல் இல்லை. ஆனால் புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் பழையதைவிட மெலிசு. விரலால் அழுத்தினாலே தெரிகிறது. மாற்றும்போது ஈரத்துணியால் துடைத்த பெட்டியில், த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) வடிகட்டிய காற்று போகும் பக்கம், அந்த மூலைக்கு நேராக இப்போது வெளுத்த கோடாகத் தூசி. கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கம் பக்கம் தினமும் ஓடும் வண்டி. வடிகட்டாத தூசி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேயும், அதுதான் கவலை.

விளிம்பில் சிலிகான் பூசச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை: பிய்ந்த துணுக்கை எஞ்சின் இழுத்துக்கொள்ளும், அடுத்த முறை ஃபில்டரைக் கழற்றவும் வராது. கம்பெனி ஃபில்டரே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒரு கிளிப்பும் தளர்ந்திருக்கிறது. கிளிப் மட்டும் தனியாகக் கிடைக்குமா, மூடியோடுதான் வாங்க வேண்டுமா? சேலத்தில் ஐந்து ரோடு, ஜங்ஷன் பக்கம் எந்தக் கடையில் கேட்கலாம்? அதுவரை மலையேறாமல் டவுனுக்குள் ஓட்டலாமா?