வாசா மாதிரிக் கப்பல்: நீலமா, சிவப்பா?

கேள்வி: 1628இல் மூழ்கிய சுவீடன் போர்க்கப்பல் வாசாவின் மர மாதிரியில் முதல் அடுக்குப் பலகைகளை ஒட்டி முடித்துவிட்டேன், படம் இணைத்துள்ளேன். பெட்டியில் வந்த வரைபடம் பின்புற மேற்பகுதிக்கு நீலம் பூசச் சொல்கிறது, ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்து மாதிரியோ சிவப்பாக இருக்கிறது. எதைப் பின்பற்றுவது?

பதில் 1: சிவப்பையே பூசுங்கள். 1961இல் கப்பலை மேலே கொண்டுவந்த பிறகும் நெடுங்காலம் நீலம் என்றே கருதினார்கள். சிற்பங்களில் எஞ்சியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்த பின்னரே பின்னணி சிவப்பு என்பதும், சிற்பங்கள் பல வண்ணங்களில் இருந்தன என்பதும் தெரியவந்தன. பழைய பெட்டிகள்தாம் இன்னும் நீலத்தை விடவில்லை.

பதில் 2: வண்ணம் இருக்கட்டும், முன்புறத்தைக் கவனியுங்கள்; அங்கே பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. இரண்டாம் அடுக்கில் ஒவ்வொரு பலகையையும் முனையை நோக்கிச் சீவிக் குறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, நன்றாக உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பின்னர் சுருங்கி இடைவெளி விழும்.