புதுப்பிப்பு: பழைய ஜேசிபி வாங்கியாச்சுங்க

பழைய ஜேசிபி எடுக்கறப்போ எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டற மணி மீட்டரை நம்பலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

முதல்ல பெருந்துறைப் பக்கம் ஒரு ஜேசிபி 3டிஎக்ஸ் மாடல் பார்த்தோம். மீட்டர்ல 4,200 மணி, பெயிண்ட் பளபளன்னு. "மீட்டரை விடுங்க, மூட்டுல இருக்கற பின் (இரும்பு முளை), புஷ்ஷைப் (அந்த முளைக்கான உறை) பாருங்க"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தாரே, அதுதான் காப்பாத்துச்சு. பின்பக்க பக்கெட்டை ஒரு சாண் தூக்கி நிறுத்தி அசைச்சா கடகடன்னு ஆட்டம். அந்தப் பின் மாட்டற ஓட்டை வட்டமா இல்லாம முட்டை மாதிரி நீண்டு போயிருந்துச்சு. பெடல் ரப்பரும் வழவழன்னு தேஞ்சு கெடந்துச்சு. அது 4,200 மணி இல்லீங்க, அதுக்கு மேலயே ஓடின வண்டி.

கடைசியில திருச்செங்கோட்டுல அமைஞ்சது. விடியக்காலம் எஞ்சின் ஜில்லுன்னு இருக்கறப்பவே போய் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஒரே செல்ஃப்ல பிடிச்சுக்கிச்சு.

எதிர்பார்க்காத சிக்கல் ஒண்ணு. கடன் முடிஞ்சுதுன்னாங்க, ஆனா ஆர்சியில ஃபைனான்ஸ் பேர் அப்படியே இருந்துச்சு. ஃபைனான்ஸ் கையெழுத்தோட படிவம் 35 (ஆர்சியில இருந்து ஃபைனான்ஸ் பேரை நீக்கறதுக்கு), என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) ரெண்டும் கைக்கு வர்ற வரைக்கும் 50,000 ரூபாயைப் பிடிச்சு வெச்சேன். பேர் மாத்தறதுக்கு 29, 30 படிவம் தனியாக் கேட்டு வாங்கிக்கங்க.