பையர் மெயிலில் "கால் ஆஃப்": ஆர்டர் கேன்சலா? அவசரம்

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
வணக்கமுங்க. இங்கிலாந்து பையர் ஒருவர் 20,000 டி-ஷர்ட்டுக்கு ஒரே பிஓ (கொள்முதல் ஆர்டர்) கொடுத்திருக்கிறார். இன்று வந்த மெயிலில், "வீ வில் கால் ஆஃப் 5,000 பீசஸ் இன் த ஃபர்ஸ்ட் வீக் ஆஃப் செப்டம்பர்" என்று இருக்கிறது. கால் ஆஃப் என்றால் ரத்து என்றுதான் படித்திருக்கிறேன். 5,000 பீஸ் போச்சு என்று முதலாளி நூல் வாங்குவதை நிறுத்தச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

ஈரோட்டு வாத்தியார்:
ரத்து என்பதும் சரிதான். மழை வந்தால் மேட்சை கால் ஆஃப் செய்வார்கள், பேச்சுவார்த்தை முடிந்தால் ஸ்ட்ரைக்கை கால் ஆஃப் செய்வார்கள். தள்ளி வைப்பதற்கு புட் ஆஃப். ஆனால் கேன்சல் செய்கிறவர் "செப்டம்பர் முதல் வாரத்தில் செய்வேன்" என்று நாள் குறித்து எழுதுவாரா? எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

அவிநாசி எக்ஸ்போர்ட்:
நூலை நிறுத்தாதீங்க! இது பிளாங்கெட் ஆர்டர். மொத்தத்துக்கும் முதலிலேயே விலை பேசிவிட்டு, தேவைப்படும்போது இவ்வளவு அனுப்பு என்று கேட்பதைத்தான் கொள்முதல்காரர்கள் கால் ஆஃப் என்பார்கள். ஈரோட்டு மண்டியில் மஞ்சளை மொத்தமாகப் பேசி வைத்துவிட்டு, மூட்டை மூட்டையாக எடுத்துக்கொள்வது மாதிரி. அந்த 5,000 பீஸை அவர் கேட்கிறார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிஓவில் "பிளாங்கெட்" அல்லது "கால்-ஆஃப் ஷெட்யூல்" என்று இருக்கிறதா பாருங்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
இரண்டாம் பக்கத்தில் கால்-ஆஃப் ஷெட்யூல் இருக்குதுங்ணா! அப்போ நிஜமாகவே கேன்சல் செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

அவிநாசி எக்ஸ்போர்ட்:
எண்ணிக்கையும் தேதியும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் சரக்கு கேட்கிறார். "வீ ஆர் காலிங் ஆஃப் த ஆர்டர்" என்று மொட்டையாக வந்தால் பயப்படலாம். எதுவானாலும் ஊகத்தில் துணி வெட்ட வேண்டாம், எழுதிக் கேளுங்கள். அந்தத் தேதி ஃபேக்டரியை விட்டுக் கிளம்புவதற்கா, அவர்கள் குடோனில் சேர்வதற்கா என்பதையும் கேளுங்கள். தூத்துக்குடியில் ஏற்றி இங்கிலாந்து போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். பல பேர் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

ஈரோட்டு வாத்தியார்:
பதில் எழுதும்போது ஒன்று: "கால் இட் ஆஃப்" என்றுதான் வரும். "கால் ஆஃப் இட்" தப்பு. அப்புறம், நீங்கள் கால் ஆஃப் என்றே எழுத வேண்டாம், டெலிவர் என்று எழுதிவிடுங்கள். இரண்டு அர்த்தத்துக்கு இடமிருக்காது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
அப்படியே எழுதி மெயில் போட்டுவிட்டேன். நூல் ஆர்டரும் நிற்கவில்லை. ரொம்ப நன்றிங்க. பையர் பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.