ஏடிஎக்ஸ்எல்345: மேசையில் சும்மா கிடக்கிற சென்சார் 255 ஜி காட்டுது, உதவி தேவை

யீஷூன்_அப்பா
வணக்கம். மகள் உயர்நிலை 3. எங்க புளோக் மின்தூக்கி ஏறி இறங்கும்போது முடுக்கம் எவ்வளவு வருதுன்னு அளந்து பள்ளியில் காட்டணுமாம். சிம் லிம் டவர் கடையில் முடுக்கம் அளக்கிற ஏடிஎக்ஸ்எல்345 சென்சார் ஒண்ணு வாங்கி, வீட்டில் கிடந்த இஎஸ்பி32ங்கிற குட்டிக் கணினி போர்டில் மாட்டியிருக்கோம். நான் ஏர்கான் வேலை பார்க்கிற ஆள். வயர் பிடிக்கத் தெரியும், ப்ரோகிராம் எழுதத் தெரியாது. ஆர்டுயினோ ஊனோங்கிற வேற போர்டுக்குன்னு யாரோ எழுதினதை அப்படியே ஏத்தினோம்.

சமையலறை மேசையில் அசையாமல் வச்சா வர்றது:
எக்ஸ் 65533, ஒய் 2, இசட் 30.
கவிழ்த்து வச்சா இசட் 65502.

256ஆல் வகுக்கணும்னு அந்த ப்ரோகிராமில் இருக்கு. வகுத்தா எக்ஸ் 255.99 ஜி (1 ஜின்னா புவியீர்ப்பு முடுக்கம் அளவு)! சென்சாரே 16 ஜி வரைக்கும்தான். இசட் 0.12 வருது. அசையாமல் கிடக்கிற பொருளுக்குப் பூஜ்ஜியம்தானே வரணும்? மகள் 1 வரணும்ங்கிறா. யார் சொல்றது சரி? சென்சார் போச்சா?

கம்பிக்காரன்
போலிச் சிப்பா இருக்கும் அண்ணே. நேரத்தை வீணாக்காம வேற ஒண்ணு வாங்கிடுங்க.

ஈயப்புகை
வாங்காதீங்க அண்ணே, பொறுங்க. முதல்ல சிப்போட பூஜ்ஜியமாவது ரெஜிஸ்டரை (எண் வச்சிருக்கிற உள் அறை) படிச்சுப் பாருங்க. 229 வந்தா சிப் ஒழுங்காப் பேசுதுன்னு அர்த்தம்.

எனக்கென்னவோ சென்சார் மேல சந்தேகமே இல்லை. 65533ங்கிறது உண்மையில் -3. ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு பைட் வருது, சேர்த்தா 16 பிட். இதில் 32767 வரைக்கும் நேர் எண். அதைத் தாண்டினா 65536ஐக் கழிச்சுப் படிக்கணும். 65533 - 65536 = -3. கவிழ்த்தப்போ வந்த 65502, -34.

அப்புறம் ஊனோவில் ஓடினது உங்ககிட்ட ஏன் ஓடலை? ஊனோவில் ‘இன்ட்’னு (முழு எண் வகை) எழுதினா 16 பிட். இரண்டு பைட்டைச் சேர்த்ததும் குறி தானா வந்து உட்கார்ந்திடும், எழுதினவருக்கே தெரிஞ்சிருக்காது. இஎஸ்பி32இல் அதே ‘இன்ட்’ 32 பிட். மேலே இடம் காலியா இருக்கிறதால -3ஐப் பெரிய நேர் எண்ணாகவே வச்சுக்குது. மூணு அச்சுக்கும் ‘இன்ட்16_டி’ன்னு (எந்தப் போர்டிலும் 16 பிட்) மாத்துங்க.

இசட் 30 வேற கதை. 49ஆவது ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கு? (சிப்போட தாளில் அது பதினறும எண்ணில் 31னு இருக்கும்.)

யீஷூன்_அப்பா
229 வந்துச்சு! மாத்தினதும் எக்ஸ் -3 காட்டுது. நன்றி தம்பி. 49இல் 3ன்னு போட்டிருக்கு.

ஈயப்புகை
அதேதான். 3ன்னா ±16 ஜி, 10 பிட். அந்த நிலையில் 1 ஜிக்கு 32 எண்ணிக்கைதான். உங்க 30ஐ 32ஆல் வகுத்துப் பாருங்க, 0.94. 256 பொருந்துறது ±2 ஜி நிலைக்கு, இல்லைன்னா முழுத் துல்லியப் பிட்டைப் போட்டிருந்தா. யாரோ ரெண்டு ப்ரோகிராமை வெட்டி ஒட்டியிருக்காங்க.

49இல் 8ன்னு எழுதுங்க. ±2 ஜி, முழுத் துல்லியம், ஓர் எண்ணிக்கை சுமார் 3.9 மில்லி ஜி. மின்தூக்கிக்கு இது ரொம்ப முக்கியம். அதில் வர்ற முடுக்கம் 0.1 ஜி அளவுதான் இருக்கும். இப்போ இருக்கிற நிலையில் அது மூணே எண்ணிக்கை, இரைச்சலோட கலந்து காணாமப் போயிடும். மாத்தினா இருபத்தஞ்சு வரும்.

பழைய_பட்டறை
அந்த 1 ஜி விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. உங்கள் மகள் சொன்னதுதான் சரி.

சிப்பின் உள்ளே சிலிக்கானில் செய்த மிக நுண்ணிய எடை ஒன்று, சிலிக்கான் சுருள்களில் தொங்குகிறது. அந்த எடை இடம் மாறினால் பக்கத்துத் தகடுகளோடு உள்ள மின்தேக்கம் மாறும். சிப் அளப்பது அந்த மாற்றத்தைத்தான். மேசைமேல் வைத்தாலும் புவியீர்ப்பில் எடை கொஞ்சம் கீழே தொய்ந்துதான் இருக்கும். தொய்வு தெரிகிறது, 1 ஜி என்கிறது. கையிலிருந்து நழுவிக் கீழே விழுகிற அந்த நொடியில்தான் பூஜ்ஜியம் காட்டும். (விழ வைத்துப் பார்க்க வேண்டாம், அல்லது மெத்தைமேல் பாருங்கள்.)

மின்தூக்கியில் மகள் குழம்பக்கூடிய இடம் ஒன்று உண்டு. மேலே போகும்போது கிளம்பும் நேரத்தில் 1 ஜியைத் தாண்டும். நடுவில் முழு வேகத்தில் போகும்போது சரியாக 1 ஜி, மேசையில் இருப்பது போலவே. நிற்கப் போகும்போது 1க்குக் கீழே இறங்கும். வேகம் எவ்வளவு என்று சென்சாருக்குத் தெரியாது, வேகம் மாறுவதுதான் தெரியும்.

இன்னொன்று, 1 ஜிக்கு 9.81 என்று பள்ளியில் போடுவார்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில், இங்கே 9.78தான். ஆனால் அந்த வித்தியாசம் இந்தச் சென்சாரில் ஓர் எண்ணிக்கைகூட வராது. ஆசிரியர் கேட்டால் சொல்ல வைத்துக்கொள்ளட்டும்.

யீஷூன்_அப்பா
அங்கிள், அந்தத் தொய்வு விளக்கத்தை மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன், “நான்தான் சொன்னேனே”ன்னுட்டுப் போயிட்டா.

8 எழுதினோம். இப்போ இசட் 243, கவிழ்த்தா -265. 256 வரலையே?

ஈயப்புகை
வராது. இந்தச் சிப்பில் இசட் அச்சு 250 மில்லி ஜி வரைக்கும் தள்ளி இருக்கலாம்னு தயாரிப்பாளர் தாளிலேயே இருக்கு. உங்களது நல்ல சிப்.

நிமிர்த்தி 100 அளவு, கவிழ்த்தி 100 அளவு எடுத்துச் சராசரி போடுங்க. ரெண்டையும் கூட்டி பாதியாக்கினா (243 - 265) ÷ 2 = -11. தள்ளல் அது. வித்தியாசத்தைப் பாதியாக்கினா (243 + 265) ÷ 2 = 254. உங்க சிப்புக்கு 1 ஜி அவ்வளவு. இனி வர்ற இசட்டோட 11ஐக் கூட்டி 254ஆல் வகுங்க. எக்ஸ், ஒய்யை இப்போதைக்கு விடலாம்.

கம்பிக்காரன்
சரி, என் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு யோசனை: முடுக்கத்தைத் தொகையிட்டா (நேரத்தோட பெருக்கிக் கூட்டிக்கிட்டே போனா) வேகம், இன்னொருதரம் தொகையிட்டா எந்த மாடின்னு கண்டுபிடிச்சிடலாமே?

ஈயப்புகை
ஆசைதான். ஒரே ஓர் எண்ணிக்கை பிசகி இருந்தாக்கூட நொடிக்கு நொடி 0.038 மீட்டர் வேகம் பொய்யாச் சேரும். 30 நொடியில் தூரத்தில் 17 மீட்டர் பிழை. ஒரு மாடி 2.8 மீட்டர்னு வச்சா ஆறு மாடி. அண்ணன் 12இல் இறங்கினா சென்சார் 18ங்கும். மாடி வேணும்னா காற்றழுத்தச் சென்சார் போடலாம்.

யீஷூன்_அப்பா
நேத்து ராத்திரி ஆள் நடமாட்டம் குறைஞ்சதும் போய் எடுத்தோம். 1இலிருந்து 12க்கு: கிளம்பும்போது 270, நடுவில் 243, நிக்கும்போது 218. கணக்குப் போட்டா 1.11 ஜி, 1.00, 0.90. மகள் வரைபடம் போட்டுட்டா, மேடும் பள்ளமும் அங்கிள் சொன்ன இடத்தில் அப்படியே இருக்கு. கதவு திறக்கிற நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல் வேற தெரியுது, அதையும் எழுதப் போறாளாம்.

பழைய_பட்டறை
அருமை. ஆனால் பெட்டியை மின்தூக்கியில் தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். வயர் நீட்டிக்கொண்டிருக்கிற டப்பாவைப் பார்த்தால் யாராவது போலீசுக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

யீஷூன்_அப்பா
ஹாஹா, மைலோ டின் அங்கிள் அது. மகள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தா. ஒன்பதாவது மாடி ஆண்ட்டி ஏறி, “ஏம்மா, மயக்கமா?”ன்னு கேட்டாங்க. அவங்க ஏறினதில் வரைபடத்தில் ஒரு கோணல் கோடு விழுந்துச்சு, அந்த ஓட்டத்தை நீக்கிட்டு மறுபடி எடுத்தோம்.