திருகோணமலையில் குடியை நிறுத்தக் கூட்டம் தேடியவர்கள்: சில அனுபவங்கள்

பாலையூற்றிலிருந்து ஒருவர்:

எங்கள் ஊரில் தவறணைக்குப் போகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஆள் உளநலக் கிளினிக் வாசலில் இலக்கத் துண்டோடு நின்றால், பொழுதுபடுவதற்குள் உறவுக்காரர் அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும். எனக்கு அந்த வாசல்தான் பயம்.

வைத்தியர் மாத்திரை எழுதித் தந்து, "உங்களைப் போன்றவர்களோடு பேசிப் பழகுங்கள்" என்றார். எங்கே போய்ப் பேசுவது? குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும், ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் கொழும்பில் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் இரவு ரயிலேறிப் போய்வர என் பிழைப்பு இடம்கொடுக்காது. கைத்தொலைபேசிதான் கைகொடுத்தது. தமிழ்நாட்டு உறுப்பினர்கள் சூம் வழியாகத் தமிழில் நடத்தும் கூட்டம் ஒன்றில் சேர்ந்தேன். கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்கவில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும் என்றார்கள்.

புத்திமதி பொழியப்போகிறார்கள் என்று நினைத்து, முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேசினார். போத்தலை மாட்டுத் தவிட்டு மூட்டைக்குள் ஒளித்து வைத்ததையும், மாடு முட்டி மூட்டை சரிந்ததில் அது உருண்டு மாமனாரின் காலடியில் போய் நின்றதையும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் போத்தல் கோழிக்கூட்டின் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருந்தது. அவர் பேச்சு வேறு, என் பேச்சு வேறு. ஒளிக்கிற புத்தி மட்டும் ஒன்றுதான்! யாரும் குறுக்கே பேசவில்லை. 'நீ இப்படிச் செய்திருக்கலாமே' என்று திருத்தவும் இல்லை. ஒருவர் முடித்ததும் நன்றி சொன்னார்கள், அடுத்தவர் தொடங்கினார்.

இந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது. வெளியூரில் வியாபாரம் கைகூடாமல் நின்ற பங்குத் தரகர் ஒருவர், விடுதியின் மதுச்சாலைக்குள் நுழைந்துவிடாமல் இருப்பதற்காக, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தொலைபேசியில் தேடியிருக்கிறார். அப்படிக் கிடைத்தவர் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்தாலே அது ஒரு குழுதான் என்று ஏ.ஏ. மரபும் சொல்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் கிளினிக்கில் அடிக்கடி கண்ட ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

தேவாலய மண்டபத்தில் இடம் கேட்கலாம் என்றார் அவர். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. குடியிலிருந்து மீள அது காட்டும் பன்னிரண்டு படிகளில் வரும் கடவுளும் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள்தான். ஆனால் 'மதம் மாற்றுகிறார்கள்' என்று கிளம்பும் பேச்சுக்கு யார் பதில் சொல்லி மாளும்? கோட்டைப் பக்கத்துக் கடற்கரையில் கூடிப் பார்த்தோம். மான்கள் வந்து சாப்பாட்டுப் பொதியை இழுத்தன. தெரிந்தவர்கள் வந்து சுகம் விசாரித்தார்கள். மான்கள் பரவாயில்லை. இப்போது எங்களில் ஒருவரின் தையல் கடைப் பின்னறையில் கூடுகிறோம்.

உப்புவெளியிலிருந்து ஒரு மனைவி:

பாலையூற்று அண்ணன் வைத்தியரிடம் போனதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாள்தோறும் குடிக்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். என் கணவர் கோணேஸ்வரத்தில் சத்தியம் செய்து அன்றே அடியோடு நிறுத்தினார். எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் இரவு கை நடுங்கியது, சாரம் வியர்வையில் ஊறியது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார். விடியுமுன் வலிப்பு. மாமி திருநீறு பூசிக்கொண்டிருக்க, நான் முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பல வருடம் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் இப்படி ஆகும், உயிருக்கே ஆபத்து என்று வார்டில் சொன்னார்கள். மருந்தும் விற்றமின் பி1உம் கொடுத்துத்தான் தணித்தார்கள். நேரில் போகக் கூச்சமென்றால் 1927க்கு அழையுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம்.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, 1951 முதல் இருக்கிறது. நானும் இணையவழியில்தான் கேட்கிறேன். 'அவருடைய குடியை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் அடக்கவும் முடியாது' என்று அங்கே ஒரு பெண் சொன்னார். 'நீ ஒழுங்காகக் கவனித்திருந்தால்' என்றே கேட்டு வந்த காதுக்கு அது புதிது. முன்பெல்லாம் இவர் வரப் பிந்தினால் சந்தி வரை போய் நிற்பேன். இப்போது அந்த நேரத்தில் சாப்பிட்டுவிடுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

எங்கள் ஊரில் குடிக்கிறவர்கள் இல்லை என்றுதான் கணக்கு. ஆகவே நிறுத்துகிறவர்களுக்கும் இங்கே இடமில்லை. கூட்டத்துக்குத் திருகோணமலைப் பக்கம் போய்வர, 2009இல் பாலம் வந்தது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. முந்திய காலம்போல் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறியிருந்தால் கரை சேர்வதற்குள் 'எங்கே பயணம்?' என்று நான்கு பேராவது கேட்டிருப்பார்கள்.

எனக்குக் கஷ்டமான பொழுது, போயா எனும் பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள் மாலை. மறுநாள் மதுக்கடை பூட்டு என்பதால், வாங்கி வைத்துவிடலாமா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். இதைத் தையல் கடையில் சொன்னேன். அதிலிருந்து அந்த மாலைகளில் யாராவது ஒருவர் அழைத்து, கிரிக்கெட்டோ மீன் விலையோ பேசிக்கொண்டிருக்கிறார். முன்பு கூட்டம் அந்தித் தொழுகையான மஃரிப் நேரத்தில் நடந்தது. இரவுத் தொழுகையான இஷாவும் தொழுதுவிட்டுத்தான் வர முடியும் என்றேன். இப்போது ஒன்பது மணிக்குத் தொடங்குகிறார்கள்.