ஏழை நாடுகளும் குமரி மாவட்டமும்: யார் சோம்பேறி?

தக்கலை வாசகன்:
“ஆப்பிரிக்காக்காரன் சோம்பேறி, அதனால் ஏழை. குமரிக்காரன் உழைப்பாளி, அதனால்தான் ஓட்டு வீடெல்லாம் மாடி வீடாகிவிட்டது.” தோவாளைக்காரர் நேற்று இங்கே உதிர்த்த முத்து இது. காலையிலேயே ரத்தக்கொதிப்பை ஏற்றிவிட்டார். உழைப்புதான் கணக்கு என்றால், அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் நம் ஊர்ப் பெண்கள்தான் முதல் கோடீஸ்வரிகளாக இருக்க வேண்டும். வறுத்த கொட்டையைத் தட்டித் தட்டி, தோட்டின் எண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்துபோகும். சாம்பலைக் கையில் தேய்த்துக்கொண்டு மறுபடியும் உட்காருவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தக் கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், உழைத்தால் உயரலாம் என்று.

தோவாளைக்காரன்:
அழவைத்து ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். காங்கோவில் தாமிரமும் கோபால்ட்டும் கொட்டிக் கிடக்கின்றன, ஆனாலும் ஏழை. தென்கொரியாவில் மண்ணுக்குள் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. உழைத்தான், இன்று உலகத்துக்கே கப்பல் கட்டித் தருகிறான். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வாத்தியார்:
மக்களே, இரண்டு பேருமே வேர் தெரியாமல் கிளையில் தொங்குகிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை கல்வி. 1817-இல், அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூரின் ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். அதன் பலன்தான் 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். மாநிலத்துக்கே முதலிடம், மாநில அளவு 80 சதவீதம்தான். ஆப்பிரிக்காவில் ஒரு 1817 நடந்திருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது.

தக்கலை வாசகன்:
தோவாளை அண்ணாச்சி, கொரியாவில் 1950 வாக்கில் நிலச்சீர்திருத்தம் நடந்தது. பண்ணையாரின் நிலம் உழுதவன் கைக்கு வந்தது. காங்கோவுக்கு என்ன கிடைத்தது? பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் ஆட்கள் காட்டு ரப்பருக்காக மக்களின் கைகளை வெட்டினார்கள். 1960-இல் விடுதலை, அடுத்த ஜனவரியிலேயே முதல் பிரதமராக இருந்த லுமும்பாவைக் கொன்றுவிட்டார்கள். இதில் சோம்பல் எங்கே வந்தது?

தோவாளைக்காரன்:
அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் எத்தனை காலம் வெள்ளைக்காரன் தலையிலேயே பழியைப் போடுவீர்கள்?

மயிலாடிக்காரி:
வாத்தியார் ஐயா, அந்த 1817-ஐக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். மிஷனரி ரிங்கல்தௌபே எங்கள் மயிலாடிக்கு வந்தது 1806. ராணி ஆணை போடுவதற்கு முன்பே இங்கே பள்ளிக்கூடம் நடந்தது. ஆணை பிறந்தபோது ராணிக்குப் பதினைந்து வயது. பின்னால் நின்றவர் ரெசிடெண்ட் மன்றோ, ஆங்கிலேயரின் பிரதிநிதி. அரண்மனைக்கு எதற்கு இத்தனை சலாம்?

மார்த்தாண்டம் வாத்தியார்:
மிஷனரி நடத்தியது சில பள்ளிகள். அரசு செய்தது கொள்கை. வித்தியாசம் தெரியாதவர்களோடு நான் என்ன பேசுவது? 1817 என்பது 1817தான்.

மயிலாடிக்காரி:
கொள்கையா? அதே திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்தது 1855-இல். எங்கள் பாட்டிமார் மேலாடை அணியலாம் என்று அறிக்கை வந்தது 1859-இல், அதுவும் கலவரத்துக்குப் பிறகு. உங்கள் 1817 யாருடைய பிள்ளைகளுக்கு?

குளச்சல் கடலோடி:
1806-உம் வேண்டாம், 1817-உம் வேண்டாம். எங்கள் கடற்கரைக்கு இரண்டுமே வந்து சேரவில்லை. இங்கே கான்கிரீட் வீடு எழும்பியது வளைகுடாப் பணத்தில். தூத்தூர்க்காரன் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறான்; அவனைவிட உழைப்பாளி யார்? 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. நடுக்கடலில் கிடந்தவர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்க வழியில்லை. 91.75 சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மார்த்தாண்டம் வாத்தியார்:
தம்பி, வளைகுடாவுக்குப் போக விண்ணப்பம் நிரப்ப வேண்டும். நிரப்பக் கற்றுக்கொடுத்தது யார்? பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் எங்கிருந்து வந்தது? 1817.

குளச்சல் கடலோடி:
எங்கள் தெருவில் விண்ணப்பம் நிரப்பியவர் ஏஜெண்ட். வட்டிக்கு வாங்கிக் கொடுத்த காசுக்கு அவர் அதையாவது செய்தார்.

தக்கலை வாசகன்:
மறுபடியும் அண்டிக்கே வருகிறேன், யாரும் பதில் சொல்லவில்லை. நம் ஆலைகளில் உடைக்கும் கொட்டையில் பெரும்பகுதி ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அவன் தோட்டோடு விற்கிறான். பருப்பாக்கி விற்பவனுக்குத்தான் லாபம். வியட்நாம் இயந்திரத்தை வைத்து உடைத்து உலகச் சந்தையைப் பிடித்துவிட்டது. விளைவிப்பவன் ஏழை, உடைக்கிறவளும் ஏழை. நடுவில் இருப்பவன் மட்டும் எப்படிக் கொழிக்கிறான்?

தோவாளைக்காரன்:
அவனே உடைத்து விற்க வேண்டியதுதானே? யார் கையைப் பிடித்தார்கள்? நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

தக்கலை வாசகன்:
ஆலைக்கு முதலீடு வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், குறைந்த வட்டியில் கடன் வேண்டும். நீங்கள் பூக்கடை வைத்தபோது வங்கிக்கு எத்தனை நடை நடந்தீர்கள் என்று போன மாதம் இதே இடத்தில் புலம்பியது மறந்துவிட்டதா?

தோவாளைக்காரன்:
சொந்த விஷயத்தை இழுக்காதீர்கள். ரப்பர் விலை பற்றிய விவாதத்தில் பாதியில் ஓடிப்போனவர் நீங்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மயிலாடிக்காரி:
2024 பொருளாதார நோபல் பரிசு அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவருக்கும் எதற்குக் கொடுத்தார்கள்? ஒரு நாட்டின் செழிப்பைத் தீர்மானிப்பது அங்குள்ள அமைப்புகள் என்று காட்டியதற்காக. சுரண்ட மட்டும் அமைத்த ஆட்சிமுறை, சுரண்டியவன் போன பிறகும் நிற்கிறது. சோம்பல் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

மார்த்தாண்டம் வாத்தியார்:
அம்மா, நீங்களே என் வாதத்தை நிரூபித்துவிட்டீர்கள். அரசாணை ஓர் அமைப்பு இல்லையா? நோபல் குழுவுக்கு இப்போதுதான் தெரிந்தது. நமக்கு 1817-லேயே தெரியும்.

குளச்சல் கடலோடி:
போட்ஸ்வானாவில் வைரம் கிடைத்தது, அரசு அதைப் பள்ளிக்கும் சாலைக்கும் செலவழித்தது, நாடு முன்னேறியது. ஆனாலும் உலகின் மிக மோசமான ஏற்றத்தாழ்வு உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. நாடு பணக்காரனாவது வேறு, நான் பணக்காரனாவது வேறு. இதற்கு யாராவது பதில் சொல்வீர்களா, அல்லது ராணிக்கு மாலை போட்டுக்கொண்டே இருப்பீர்களா?

தோவாளைக்காரன்:
மாலை வேண்டுமென்றால் தோவாளைக்கு வாருங்கள். இங்கே அதிகாலை மூன்று மணிக்கே பூ கட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் உழைப்பு.

தக்கலை வாசகன்:
கட்டுகிறவருக்கு முழத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தோவாளைக்காரன்:
அது வியாபார ரகசியம்.

மார்த்தாண்டம் வாத்தியார்:
கூலியைப் பற்றிப் பேசுவதானால் தனி இழை திறந்துகொள்ளுங்கள். மயிலாடி அம்மா, அந்த மிஷனரி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று கேட்டிருந்தேனே, பதில் எங்கே?

மயிலாடிக்காரி:
நீங்கள் கேட்கவே இல்லை ஐயா. மேலே போய்ப் பாருங்கள்.